குரலும் தரவும் ஒரே வலையமைப்பில்: 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தும் பேச்சு உடைவது ஏன்?

வலைப்பொறுப்பாளர் (கேள்வி)

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் 90 பேரும் மூன்று கிளைகளில் தலா 15 பேர் வரையிலும் பணிபுரிகிறார்கள். இந்த எண்ணிக்கை விரைவில் இரு மடங்காகும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. ஆகவே, புதிய தளத்துக்கு இடம் மாறும் இந்தச் சமயத்திலேயே பழைய அனலாக் இபிஏபிஎக்ஸை (அலுவலக உள்தொலைபேசி எக்ஸ்சேஞ்சை) எடுத்துவிட்டு, தொலைபேசியையும் கணினி வலையமைப்பையும் ஒன்றாக்கிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

தற்போது தலைமை அலுவலகத்திலும் கிளைகளிலும் 192.168.1 என்று தொடங்கும் அதே முகவரித் தொகுதிதான் பயன்பாட்டில் உள்ளது. விலான் (ஒரே கேபிளிலும் ஸ்விட்சிலும் வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) பிரிவு எதுவும் இல்லை. ஒத்திகையாகச் சில ஐபி தொலைபேசிகளை இணைத்துப் பார்த்தோம். பகலில் பேச்சு தெளிவாக இருக்கிறது. மாலையில் பேக்கப் (தரவின் காப்பு நகலை இணையம் வழியே அனுப்புவது) ஓடத் தொடங்கியதும், மறுமுனையில் இருப்பவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்டாலும் எங்கள் குரல் மட்டும் அவர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறது. இணைப்பின் இறக்க வேகம் 100 எம்பிபிஎஸ், ஏற்ற வேகம் 20. இது தவிர, வெளியிலிருந்து வரும் அழைப்புகளில் சில அரை நிமிடம் ஆனதும் தாமாகவே துண்டித்துக்கொள்கின்றன.

இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் போதுமா? குரலுக்கென்று தனிக் கேபிள் இழுக்க வேண்டுமா? எக்ஸ்சேஞ்சை அலுவலகத்திலேயே வைப்பதா, கிளவுட் சேவையாக வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தரவுத்தடம்

உங்கள் குரல் மட்டும் உடைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்கல் ஏற்றப் பக்கத்தில்தான். அதுவும் வேகக் குறைவால் வந்ததன்று.

கணக்கைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறையில்) ஒரு பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தேவை. அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக அனுப்பும்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 160 பைட் குரலும், ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகளாக 40 பைட்டும், ஈதர்நெட்டுக்காக 18 பைட்டும் இருக்கும். விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் என்றால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87 கேபிபிஎஸ் ஆகிறது. ஒரே நேரத்தில் 25 பேர் பேசினாலும் 2.2 எம்பிபிஎஸ்தான். 20 எம்பிபிஎஸ் இருக்கும் இடத்தில் இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் பேக்கப் என்பது கிடைக்கும் ஏற்ற வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. இணைப்பு நிரம்பியதும் மோடத்தின் இடையகத்தில் (பஃபரில்) பாக்கெட்டுகள் காத்திருக்கத் தொடங்குகின்றன. அங்கே 1 மெகாபைட் தேங்கினால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வெளியேற 0.4 விநாடி ஆகும். அதற்குப் பின்னால் வந்து நிற்கும் குரல் பாக்கெட்டும் அதுவரை காத்திருந்தே ஆக வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரைப்படி ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது. 400 மில்லிவிநாடி தாமதமாக வரும் குரலை, அதுவும் ஒரு பாக்கெட் விரைவாகவும் அடுத்தது மெதுவாகவும் வரும்போது, எதிர்முனைத் தொலைபேசியின் ஜிட்டர் பஃபர் (சீரற்று வரும் பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் வைத்திருந்து சீராக்கும் இடம்) ஏற்காமல் தள்ளிவிடுகிறது. வேகத்தை 50 ஆக்கினாலும் பேக்கப் அதையும் நிரப்பத்தான் போகிறது.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவதாக, உங்கள் ரவுட்டரிலேயே ஏற்ற வேகத்தை 18 எம்பிபிஎஸ் அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் கருவியில் சேரும். இரண்டாவதாக, டிஎஸ்சிபி 46 என்று (பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முன்னுரிமை எண்) குறியிட்ட குரல் பாக்கெட்டுகளை அந்த ரவுட்டரில் முன்னுரிமை வரிசைக்கு அனுப்புங்கள். பலர் முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, கியூஓஎஸ் (முன்னுரிமை ஏற்பாடு) போட்டும் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். வரிசையே இல்லாத கருவியில் முன்னுரிமை கொடுத்து என்ன பயன்?

பொது இணையத்தில் இந்தக் குறியீட்டை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கிளைகளுக்கிடையே உறுதியான தரம் வேண்டுமென்றால், குறியீட்டை மதிப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும் சேவையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இணைமுனை

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். துண்டிக்கப்படும் அழைப்புகளைப் பற்றி மட்டும் ஒன்று: கடிகாரம் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய 32 விநாடி வரும். இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் எஸ்ஐபி நெறிமுறையில், அழைப்பை ஏற்றதாகத் தொலைபேசி 200 ஓகே அனுப்பிய பிறகு, மறுமுனையிலிருந்து ஏசிகே என்ற ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால் 200 ஓகே திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, அடிப்படை நேரமான அரை விநாடியின் 64 மடங்கு கழிந்ததும் அழைப்பு கைவிடப்படுகிறது. பெரும்பாலும் ஃபயர்வாலில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி, உதவுவதாக எண்ணிக்கொண்டு முகவரிகளைத் தவறாக மாற்றி எழுதுவதே காரணமாக இருக்கும். அதை நிறுத்திவிட்டு, வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பதிந்து காட்டும் மென்பொருள்) ஓர் அழைப்பைப் பிடித்துப் பாருங்கள்.

தனி வலையமைப்புக்காகக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை, விலான் போதும். ஸ்விட்ச், எல்எல்டிபி-எம்இடி என்ற அறிவிப்பு நெறிமுறை வழியாகத் தன் குரல் விலான் எண்ணை அறிவிக்கும். தொலைபேசி தானே அதற்குப் போய்விடும். அதன் பின்பக்கம் இணைத்த கணினி தரவு விலானில் இருக்கும். இருந்தாலும் கூரைப் பலகையைத் திறக்கும் வேலை ஒரே முறைதான் என்பதால், மேசைக்கு இரண்டு கேபிள் போட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். மலிவான தொலைபேசிகளில் கணினிக்கான போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தரும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஓஇ (வலைக் கேபிள் வழியாகவே கருவிகளுக்கு மின்சாரம் தருவது) விஷயத்தில் போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 802.3ஏஎஃப் என்ற தரநிலை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏடி 30 வாட் வரை அனுமதிக்கின்றன. ஆனால் பல 48 போர்ட் ஸ்விட்சுகளின் மொத்த மின் ஒதுக்கீடு 370 வாட் அளவில்தான் இருக்கும். தொலைபேசிகள் மட்டும் என்றால் தாராளம். அதே ஸ்விட்சில் வைஃபை கருவிகளும் கேமராக்களும் சேரும்போதுதான் கடைசியாக இணைத்த கருவி உயிர் பெறாமல் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக முகவரித் திட்டத்தை மாற்றுங்கள். எல்லா இடங்களிலும் 192.168.1 இருந்தால், கிளைகளை விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் தனிப் பாதை) மூலம் இணைக்கும் நாளில் எந்தப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று ரவுட்டருக்கே தெரியாது. தலைமை அலுவலகத்துக்கு 10.10, முதல் கிளைக்கு 10.20 என்று இடத்துக்கு ஒன்றாகவும், மூன்றாம் எண்ணில் தரவுக்கு 10, குரலுக்கு 20 என்றும் வைத்துக்கொண்டால், முகவரியைப் பார்த்ததுமே இது இரண்டாம் கிளையின் தொலைபேசி என்று சொல்லிவிடலாம். இடம் மாறும்போது இதைச் செய்யாவிட்டால் பிறகு செய்யவே மாட்டீர்கள்.

மணியோசை

எக்ஸ்சேஞ்ச் உள்ளேயா வெளியேயா என்பதை வசதிகளின் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இணைய இணைப்பு அறுந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். உள்ளே வைத்தால் அலுவலகத்துக்குள் பேசலாம். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் நின்றுவிடும். கிளவுடில் இருந்தால் உட்பேச்சு நின்றாலும் வாடிக்கையாளரின் அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடலாம். உங்களைப் போல் கிளைகள் உள்ள, தொலைபேசிக்கென்று தனி ஆள் இல்லாத நிறுவனத்துக்குக் கிளவுடே பொருத்தம் என்பது என் கருத்து. வேறு தடத்தில் வரும் இரண்டாவது இணைய இணைப்பு இருந்தால் மட்டும்.

வெளி அழைப்புகளுக்கு எத்தனை வழிகள் (ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய அழைப்புகள்) வேண்டும் என்பதை ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து ஊகிக்க வேண்டாம். பழைய இபிஏபிஎக்ஸின் அழைப்புப் பதிவுகள் கையில் இருக்குமே. பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 200 அழைப்புகள், சராசரி மூன்று நிமிடம் என்றால் 10 எர்லாங், அதாவது சராசரியாக எந்நேரமும் 10 அழைப்புகள். எர்லாங்-பி வாய்ப்பாட்டின்படி, நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தடைபடாதிருக்க 18 வழிகள் தேவை. சுமை 5 எர்லாங்காகப் பாதியானாலும் தேவை 11 வழிகள், ஒன்பது அல்ல. அதனால் கிளைக்குக் கிளை தனியாக வாங்காமல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்குவதே சிக்கனம்.

பழைய அனலாக் இணைப்புகளை ரத்து செய்யுமுன், மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, தீ எச்சரிக்கைக் கருவி, தொலைநகல் ஆகியவை எந்தக் கம்பியில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அவை இபிஏபிஎக்ஸ் பட்டியலில் இருக்கவே இருக்காது. ஸ்விட்சுகளுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இல்லையென்றால், மின்சாரம் போகும்போது தொலைபேசியும் போய்விடும். தேவையற்ற வெளிநாட்டு அழைப்புகளை முதல் நாளே தடை செய்துவிடுங்கள்; பலவீனமான கடவுச்சொல் உள்ள எக்ஸ்சேஞ்சைத் தேடி 5060 போர்ட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும் கூட்டம் இணையத்தில் எப்போதும் உண்டு.

வலைப்பொறுப்பாளர்

மூவருக்கும் நன்றி. அளந்ததில் சரியாக 32 விநாடிதான் வந்தது. ஏஎல்ஜியை நிறுத்திய பின் எந்த அழைப்பும் துண்டிக்கப்படவில்லை. ரவுட்டரில் வரம்பு வைத்த பிறகு மாலையிலும் குரல் தெளிவாகப் போகிறது. ஆனால் பேக்கப் முடிய முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது என்று புகார் வருகிறது. இது தவிர்க்க முடியாததா?

தரவுத்தடம்

இல்லை. 20 எம்பிபிஎஸை 18 ஆக்கியதால் மட்டும் நேரம் இரு மடங்காகாது. பேக்கப்புக்கென்று தனியாக ஒரு வேக வரம்பையும் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இருந்தால் எடுத்துவிடுங்கள். முன்னுரிமை வரிசைக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் என்ற உச்ச வரம்பு இருக்கட்டும். குரல் இருக்கும்போது அது முதலில் போகும். யாரும் பேசாத நேரத்தில் 18 எம்பிபிஎஸ் முழுவதும் பேக்கப்புக்கே கிடைக்கும். மாற்றிய பிறகும் நேரம் குறையவில்லை என்றால், ரவுட்டரின் வரிசைப் புள்ளிவிவரத்தையும் செயலியின் சுமையையும் பேக்கப் ஓடும் நேரத்தில் எடுத்து இங்கே பதியுங்கள்.