அரிசிப் பை மைக்ரோவேவில் எத்தனை நிமிடம்? (டெல்லி, அவசரம்)

முனிர்கா புதுசு, இரவு 9.40
திருநெல்வேலியிலிருந்து டெல்லி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டுக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வருகிறது. மொசைக் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் வெந்நீர்ப் பை இன்று ஒழுகி மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது. துணிப் பையில் அரிசி போட்டு மைக்ரோவேவில் சுடவைத்தால் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். எவ்வளவு அரிசி, எத்தனை நிமிடம்? அவர் டூர் போயிருக்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கரோல்பாக் சித்தப்பா, 9.52
நான் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது என்னிடம் ஸ்வெட்டரே கிடையாது. ஒரு பர்சாத்தியில் நாலு பேர், ஒரே ஒரு ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. பர்சாத்தி என்றால் மொட்டைமாடி அறை. அதன் தகரக் கதவிடுக்கில் வரும் காற்று கத்தி மாதிரி இருக்கும். அப்போது மைக்ரோவேவ் ஏது, பைதான் ஏது? பழகிவிடும் அம்மா. ஒரு குளிர்காலம் தாண்டினால் நீங்களே டிசம்பரில் ஐஸ்கிரீம் கேட்பீர்கள்.

படேல் நகர் பேச்சிலர், 9.55
பழைய சாக்ஸில் அரிசியைக் கொட்டி முடிச்சுப் போட்டு மூன்று நிமிடம் வையுங்கள். முடிந்தது.

மயூர் விஹார் மாமி, 10.03
சாக்ஸ் வேண்டாம். இப்போது வரும் சாக்ஸில் பாதி நைலான், ரப்பர். உருகும். காடாத் துணி அல்லது பழைய எட்டு முழ வேட்டிதான் சரி. ஆனால் சரிகைக் கரையை வெட்டிவிட வேண்டும், அது முக்கியம். என் நாத்தனார் மயில்கண் வேட்டியை அப்படியே தைத்து உள்ளே வைத்தாள். சரிகை பொறி பறந்து, கரை ஓரம் கருகி, புகை. ஜிப், ஊக்கு, பட்டன் எதுவும் கூடாது. நூலும் பருத்தி நூல்.
அரிசி என்றால் பச்சரிசி. நன்றாகச் சூடு பிடிக்கும்.

துவாரகா, 10.08
மாமி, புழுங்கல்தான் நல்லது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இட்லி அரிசிப் பைதான் ஓடுகிறது. அதைவிட அல்சி, அதாவது ஆளி விதை, இன்னும் மேல். வழுவழுவென்று கழுத்தில் படியும். கிரானா (மளிகை) கடையில் கிடைக்கிறது.

கரோல்பாக் சித்தப்பா, 10.11
உப்பு! இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். என் பாட்டி 91 வயது வரை இருந்தாள்.

துவாரகா, 10.13
சட்டியில் சரி சார். மைக்ரோவேவ் முக்கியமாக ஈரத்தைத்தான் சூடாக்கும். அரிசிக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அதனால்தான் அது சுடுகிறது. காய்ந்த உப்பு அங்கே சரிவராது.

படேல் நகர் பேச்சிலர், 10.15
அப்படியானால் அரிசியை ஊறவைத்துப் போட்டால் இன்னும் சுடுமே?

மயூர் விஹார் மாமி, 10.16
சுடும். அப்புறம் பைக்குள் பொங்கல் கிடைக்கும். இரண்டே நாளில் பூஞ்சை.

ஆர்.கே.புரம் பழைய ஆள், 10.20
இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? ஒரு ஹீட்டர் வாங்குங்கள்.

படேல் நகர் பேச்சிலர், 10.22
வாங்கலாம் சார், கரண்ட் பில்லை யார் கட்டுவது? அரசாங்கம் 200 யூனிட் வரை இலவசம் என்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். கேட்டால் “மதராஸி லோக், கணக்கில் கெட்டி” என்று சிரிக்கிறார். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். அரிசிப் பை ஒரு தடவைக்கு 0.04 யூனிட்தான் ஆகும். 1200 வாட் இழுக்கும் மைக்ரோவேவை இரண்டு நிமிடம் ஓட்டினால் அவ்வளவுதான். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேறு வேலை இல்லை.

துவாரகா, 10.25
எங்கள் வீட்டுக்காரர் பத்து மணிக்கு மேல் கீஸர் போட்டால் கதவைத் தட்டுவார்.

கரோல்பாக் சித்தப்பா, 10.27
எங்கள் காலத்தில் அங்கீட்டிதான், கரி அடுப்பு. நிலக்கரி போட்டு, கதவைச் சாத்தி, சுற்றி உட்கார்ந்து…

வார்டு அக்கா, 10.29
சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை மட்டும் இங்கே எழுதாதீர்கள். கதவைச் சாத்திய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போகிறவர்கள் இந்த ஊரில் குளிர்காலம்தோறும் இருக்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது.
முனிர்கா தங்கச்சி, பை யாருக்கு? உங்களுக்கா, குழந்தைக்கா?

முனிர்கா புதுசு, 10.36
மாமியாருக்கு அக்கா. 68 வயது. தரையில் மெத்தை போட்டுத்தான் படுப்பார்கள். பாதம் ஐஸாக இருக்கிறது, ஆனால் அவர்களுக்கே அது தெரியவில்லை, மரத்துப் போச்சு என்கிறார்கள். சுகர் 15 வருடமாக. பை தைத்துவிட்டேன். அரைக் கிலோ பச்சரிசி, வெள்ளை வேட்டி. சூடு நிற்க வேண்டுமே என்று நாலு நிமிடம் வைக்கப் போகிறேன்.

வார்டு அக்கா, 10.38
வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.
சுகரில் மரத்துப்போன காலில் எந்தச் சூட்டுப் பையும் வைக்கக் கூடாது. அரிசி, உப்பு, வெந்நீர் எதுவானாலும். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். ஜனவரியில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இப்படி வருகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. கால் மரத்திருப்பதை டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.
இன்று ராத்திரிக்கு: காலுக்குத் தளர்வான கம்பளிச் சாக்ஸ். மெத்தைக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் ஒரு ஜமுக்காளம். குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது. படுப்பதற்கு முன் பருத்தி விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டி, அணைத்து, தூரமாக வைத்துவிடுங்கள். விரிப்பைக் கையால் தொட்டுப் பார்த்துப் படுக்க வையுங்கள்.

மயூர் விஹார் மாமி, 10.44
நான் பாட்டுக்கு அரிசி வகை பேசிக்கொண்டிருந்தேன். அப்போ தைத்த பை வீணா?

வார்டு அக்கா, 10.51
இல்லை மாமி. தங்கச்சிக்கே இடுப்பு, தோள் வலிக்கு ஆகும். விழித்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.
பையில் முக்கால் பங்குதான் அரிசி, மேலே தளர்வாக இருக்க வேண்டும். பச்சரிசி, புழுங்கல் எதுவும் சரி. உலர்ந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவே. அரைக் கிலோவுக்கு முதலில் ஒரு நிமிடம். எடுத்து உதறி, முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் 20, 30 விநாடியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு மைக்ரோவேவும் ஒரு மாதிரி, நாலு நிமிடம் என்பது அரிசியைக் கருக்குகிற நேரம். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் வையுங்கள், தானியம் காய்ந்து தீய்வது குறையும். முழுதும் ஆறிய பிறகே மறுபடி சூடாக்க வேண்டும்.
முக்கியமாக, சூடான பையை ரஜாய்க்குள் சொருகிவிட்டுப் போகாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறிப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் கோதுமைப் பையால் படுக்கை தீப்பற்றியிருக்கிறது.

படேல் நகர் பேச்சிலர், 10.55
வாசனைக்கு இரண்டு கற்பூரம் போட்டால்?

துவாரகா, 10.56
தம்பி, அது சாமிக்குக் காட்டுவதற்கு. பற்றிக்கொள்ளும். வேண்டுமானால் நாலு கிராம்பு போடு. முதல் நாலைந்து தடவை சாதம் வடிக்கிற வாசனைதான் வரும். தீய்ந்த வாசனை வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிடு. அரிசிப் பையைத் துவைக்க முடியாது, மேலுறை ஒன்று தனியாகத் தைத்துக்கொள்ள வேண்டும். வண்டு வராமல் இருக்க அரிசியை முதலில் சில நாள் ஃப்ரீஸரில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்ததும் நன்றாக உலர்த்திவிட்டுத்தான் பையில் போட வேண்டும்.

கரோல்பாக் சித்தப்பா, 11.02
சரி, சாக்ஸ் நல்ல யோசனை. கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி என் வீட்டில் புதிதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வருவேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

முனிர்கா புதுசு, 11.20
அட்டை போட்டாயிற்று, ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. என்னுடைய கம்பளிச் சாக்ஸைப் போட்டுவிட்டேன். இஸ்திரி போட்ட விரிப்பில் படுத்து “என்னடி, வெயிலில் காயப்போட்ட மாதிரி இருக்கு” என்றார்கள். தூங்கிவிட்டார்கள். பை இப்போது என் தோளில் இருக்கிறது, ஒரு நிமிடம் இருபது விநாடி. சித்தப்பா, ஞாயிறு காலை எத்தனை மணிக்கு?