திருமலையில பாழடைஞ்சு கிடக்கிற அப்பப்பாட வீடு: இடிக்கிறதா, திருத்திறதா?

டச்சுபே_பேரன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் பிறந்தது திருமலை (திருகோணமலை), இப்ப கொழும்பில வேலை. டச்சு பே கடற்கரைக்குக் கிட்ட அப்பப்பாட வீடு ஒண்டு இருக்கு, 1926 உறுதியிலயே வீடும் வளவும் எண்டு எழுதிக்கிடக்கு. 90ல எங்கட ஆக்கள் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டது, இடையில ஆரார் எல்லாமோ இருந்தாங்க, பிறகு ஒருத்தரும் இல்ல. போன கிழமை போய்ப் பாத்தன். முன் விறாந்தையில நாலு மான் படுத்திருக்கு, என்னைக் கண்டு எழும்பவே இல்ல, நான்தான் வாடகைக்கு வந்தவன் மாதிரி ஒதுங்கி உள்ள போனன். பின் அறையில ஓடு சரிஞ்சு வானம் தெரியுது, கைமரம் ரெண்டு உக்கிப்போச்சு, சுவர் உச்சியில அரசங்கன்று முளைச்சு வேர் கால் பெருவிரல் மொத்தத்துக்குக் கீழ இறங்கியிருக்கு. ஆனா முன் கதவு முதிரை, தட்டினா இப்பவும் கணீர் எண்டுது, பிணைச்சல்தான் உப்புக்காத்தில கரைஞ்சுபோச்சு.

இப்ப ஒருத்தர் காணியக் கேட்டு நிக்கிறார், இடிச்சுப்போட்டு மூண்டு மாடி ஹோட்டல் கட்டப்போறாராம். அப்பாவோட கூடப்பிறந்தவங்க நாலு பேர், ரெண்டு பெரியப்பாமார் லண்டன், ஒரு மாமி கனடா, மற்ற மாமி இங்க உப்புவெளியில. வெளிநாட்டில இருக்கிறவங்க வித்துப்போடு எண்டுறாங்க. எனக்கு மனசே இல்ல. திருத்தி ஒரு சின்ன விடுதியாவோ சாப்பாட்டுக் கடையாவோ நடத்தலாமா? சட்டம் ஏதும் குறுக்க நிக்குமா, செலவு தாங்குமா?

கச்சேரிப்பக்கம்:

முதல்ல உறுதிய ஒழுங்காக்குங்க தம்பி, ஓடு பிறகு. அஞ்சு பங்குக்காரர் எண்டா ஒருத்தர் காசைக் கொட்டித் திருத்தி முடிய மற்றவங்க வந்து பங்கு கேப்பாங்க, குடும்பம் ரெண்டாகிறது அந்த இடத்திலதான். வெளிநாட்டில இருக்கிறவங்களிட்ட அற்றோணித் தத்துவம் (அவங்களுக்காக நீங்க கையெழுத்து வைக்கிற அதிகாரம்) எடுங்க, அங்க எங்கட தூதரகத்தில அத்தாட்சிப்படுத்தி இங்க பதியணும். ஆரும் மறுத்தா பாகப்பிரிவினை வழக்குத்தான், பிரிக்க முடியாத காணியெண்டா கோர்ட் ஏலத்தில வித்துப்போடும், அதையும் சொல்லிப்போட்டுக் கேளுங்க, அரைவாசிப்பேர் உடன சம்மதிப்பாங்க.

இடையில இருந்தவங்க திரும்பி வந்து பத்து வருஷம் ஆண்ட காணி, இனி எங்கட எண்டு நிண்டாலும் நிப்பாங்க. போரால வெளிக்கிட்ட ஆக்களுக்காக 2016ல ஒரு விசேஷ சட்டம் வந்தது, 5ஆம் இலக்கம், 83 மே தொடங்கி 2009 மே வரையான காலத்த அந்தப் பத்து வருஷக் கணக்கில சேக்கேலாது எண்டு. ஆனா அதுக்கு ரெண்டு வருஷக் கெடு வச்சிருந்தாங்க, அதால ஒரு வக்கீலிட்டக் காட்டாம நம்பியிருக்காதீங்க.

தொல்பொருள் சட்டம் 1940ல வந்தது. 1815 மார்ச் 2க்கு முந்தினதெண்டா தானாப் பழங்காலச் சின்னம், உங்கட வீடு அதில வராது. நூறு வயசு தாண்டினத வர்த்தமானியில போட்டுப் பாதுகாக்கலாம், அது அவங்கட முடிவு. ஆனா ஹோட்டல்காரருக்கு ஒரு ஆப்பு இருக்கு: பழங்காலச் சின்னமான எங்கட பிரெட்றிக் கோட்டையில இருந்து 400 யாருக்குள்ள, மீற்றரில 365 சொச்சம், புதுசாக் கட்டிடம் எழுப்ப தொல்பொருள் திணைக்களத்தக் கேக்கணும். முதல்ல தூரத்த அளந்து பாருங்க. மூண்டு மாடிக்காரர் விலையக் குறைப்பாரோ ஓடிப்போவாரோ தெரியாது.

மேசன்ர_மகன்:

அண்ணை, அந்தச் சுவருக்கு ஒருத்தரும் சீமெந்து பூச விடாதீங்க, அதுதான் என்ர ஒரே வேண்டுகோள். அந்தக் காலத்துச் சுவர் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடல் ஈரம் நிலத்தில இருந்து ஏறும், சுண்ணாம்புப் பூச்செண்டா ஈரம் வெளிய வந்து காஞ்சிடும். சீமெந்து மூடிப்போடும், உப்பு உள்ளயே நிண்டு கல்லை மாவாக்கிடும். துவக்குச் சன்னம் பட்ட ஓட்டையள ஆரும் சீமெந்தால அடைச்சிருந்தா அதச் சுத்திப் பாருங்க, பூச்சு பொங்கி நிக்கும், நகத்தால சுரண்டினாலே கொட்டும்.

அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கவே கூடாது, வேரோட சுவரும் வந்திடும். அடியில வெட்டி, வெட்டின கையோட களைநாசினி தடவி, சாக விட்டுப்போட்டுப் பிறகு வெடிப்ப சுண்ணாம்பால நிரப்பணும். சுண்ணாம்பு சுட முருகைக்கல் எடுக்கிறது இப்ப சட்டவிரோதம், அதால சுண்ணாம்ப வெளியிலதான் வாங்கணும், வாங்கினாலும் ரெண்டு மூண்டு கிழமை தண்ணியில ஊறவச்சுக் களியாக்கித்தான் பூசணும். அப்பா சொல்லுவார், அவசரக்காரனுக்கு சுண்ணாம்பு வேலை சரிவராது எண்டு. இறங்கின ஓட்ட எறியாதீங்க, முழுசா இருக்கிறத அடுக்கி வையுங்க, அந்த அளவு ஓடு தேடப் போனா நாய்படாப் பாடு.

நிலாவெளிக்காரன்:

மனசு நோகாதீங்க, விடுதி எண்டு மட்டும் தொடங்காதீங்க. வெள்ளைக்காரன் வாறது மே தொடங்கி செப்டெம்பர் மட்டும், அவனும் நிலாவெளி உப்புவெளிக் கடற்கரைக்குத்தான் போறான், இல்லாட்டிப் புறாத்தீவு. டவுனுக்கு வாறது கோணேசர் கோயில் பஸ், காலமை வந்து கும்பிட்டு மான் பாத்து பின்னேரம் வெளிக்கிட்டிடும். 2019 ஈஸ்டர்க் குண்டு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி எண்டு மூண்டு அடி வாங்கின ஊர் இது. இன்னும் பின்னால போனா 1957ல வெள்ளைக்காரன்ர நேவி போனதில இருந்தே டவுன் நொண்டிக்கொண்டுதான் கிடக்கு, டொக்யார்ட்டில வேலை செய்த குடும்பங்களிட்டக் கேட்டுப் பாருங்க.

அரசாங்கம் வந்து பாக்கும் எண்டும் இருக்காதீங்க. இங்க துறைமுகப் பக்கம் சைனாபேயில 99 எண்ணெய்த் தாங்கி, 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்ட இடம், அதில பெரும்பகுதியத் திருத்தி எடுக்கவே 2022ல தான் ஒரு ஒப்பந்தம் எழுதினாங்க. உங்கட ஓட்டுக்கு எப்ப வருவாங்க?

முன் ரெண்டு அறையையும் ஒரு அலுவலகத்துக்கோ டியூசனுக்கோ வாடகைக்குக் குடுங்க. மாசாமாசம் வாற வாடகையில பின்பக்கத்தக் கொஞ்சங் கொஞ்சமாத் திருத்தலாம்.

கச்சேரிப்பக்கம்:

இதுக்கு நானும் ஓம். கொழும்பு டச்சு ஆஸ்பத்திரியப் பாருங்க, 96 மத்திய வங்கிக் குண்டில உடைஞ்சு கிடந்து 2011ல தான் கடையாத் திறந்தாங்க. அது உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில, அலுவலகக் கூட்டம் இருக்கு, கட்டிடம் பிழைச்சுது. எங்கட கோட்டைக்குள்ள வெலிங்டன் பிரபு 1800ல தங்கின வீடும் ஆக்கள் பாவிக்கிறதால தான் நிக்குது.

டச்சுபே_பேரன்:

எல்லாருக்கும் நன்றி. லண்டன் பெரியப்பாவோட ராத்திரி கதைச்சன். வித்துப்போடு எண்டவர், 64 சூறாவளிக்கு ஓடெல்லாம் பறந்து, பின் வளவில பொறுக்கின கதைய ஒரு மணித்தியாலம் சொன்னார், கடைசியில அற்றோணிக்கு என்ன பேப்பர் வேணும் எண்டு அவரே கேட்டார். கனடா மாமிதான் இன்னும் பிடிகுடுக்கேல்ல.

மேசன் தம்பி, ஐப்பசி மழைக்கு முன்ன பின் அறைக்கு என்ன செய்யலாம்? காசு இப்ப பெருசா இல்ல.

மேசன்ர_மகன்:

தறப்பாள் போடுங்க அண்ணை, மொத்தமானது, உக்கின கைமரத்தில கட்டாம நல்ல மரம் பாத்துக் கட்டுங்க. அரச வெட்ட ஞாயிறு நான் வாறன். விறாந்தைப் பக்கம் ஓடு சரியா இருக்கெண்டா அதத் தொடவேண்டாம், மான் படுத்திருக்கட்டும்.