ரமணியை நெல்லைத் தமிழில் மறுபடி எடுக்கணுமாம்!

குறுக்குத்துறைக்காரன்:
நேற்று நம்ம சொதிச்சோறு அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காதவர்களுக்காக அப்படியே போடுகிறேன்: "ரமணி வெர்சஸ் ரமணியைப் புதுசாக எடுக்க வேண்டும். மெட்ராஸை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில் வைத்து, நம்ம பேச்சிலேயே எடுத்தால் பிய்த்துக்கொண்டு போகும்."

பிய்த்துக்கொண்டுதான் போகும், நம்ம மானம். 1998இல் பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கி, ராஜ் டிவியில் வந்த தொடர் அது. புருஷன் பெயரும் ரமணி, பொண்டாட்டி பெயரும் ரமணி. வீட்டுக்குள் நடக்கிற சின்னச் சின்னச் சண்டை, அவ்வளவுதான் கதை. மாசக்கணக்கில் அழுகிற மாமியார் கிடையாது, விஷம் கலந்த பால் கிடையாது. மர்மதேசம் என்ற திகில் தொடரை எடுத்து ஊரையே போர்வைக்குள் ஒளிய வைத்த அதே நாகாதான் இதையும் எடுத்தார் என்றால் இன்றைக்கும் பலர் நம்ப மாட்டார்கள். அந்த ஜோடியாக நடித்த ராம்ஜியும் வாசுகியும் செய்ததை இனி ஒருத்தர் செய்ய முடியாது. நெல்லையப்பர் தேரை வருஷா வருஷம் ஆனியில் இழுக்கிறோம். "பழசாகிவிட்டது, ஃபைபரில் ஒன்று செய்துகொள்வோம்" என்று யாராவது கேட்டார்களா?

சொதிச்சோறு:
தேரைத் தெருவுக்கு இழுத்தது நீங்கள்தான், பிறகு என்னைச் சொல்லாதீர்கள். 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்ததே, தம்பி மறந்தாயிற்றா? வேறு வடம் கொண்டுவந்து கட்டித்தானே தேரை நகர்த்தினார்கள்? தேர் அதே தேர், வடம் வேறு. நான் கேட்டதும் அதைத்தான்.

ரமணி என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது. நம்ம ஊரில் அப்படி ஒரு பெயர் தெருவுக்கு நாலு கிடக்கிறது: இசக்கி. இசக்கிமுத்துவும் இசக்கி, இசக்கியம்மாளும் இசக்கி. வாசலில் தபால்காரர் "இசக்கீ" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அடுக்களையிலிருந்து ஒரு தலை, முன்கூடமான தார்சாவிலிருந்து ஒரு தலை, ரெண்டும் எட்டிப் பார்க்கும். யாருக்கு வந்த கடிதம் என்பதிலேயே ஒரு வாரத்துக் கதை ஓடிவிடும். இதை மெட்ராஸ்காரர்களுக்கு யோசிக்க வருமா?

எனக்கு அந்தத் தொடர் மேல் உங்களைவிடப் பாசம் குறைச்சல் இல்லை. 98இல் பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் எங்கள் ஊரில், தார்சாவில் பாய் விரித்து, ஆச்சியிலிருந்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் வரை பதினோரு பேர் உட்கார்ந்து பார்த்தோம். பெண் ரமணி ஜெயித்தால்தான் ஆச்சி சாப்பிட எழுந்திருப்பாள். இல்லாவிட்டால் "சவம், அவனுக்கு என்ன வாய்" என்று கடைசிவரை முனகிக்கொண்டே கிடப்பாள்.

பேட்டை லைன்மேன்:
98இல் அங்கே ராஜ் டிவி ஏது தங்கச்சி?

சொதிச்சோறு:
இருந்தது அண்ணாச்சி. ராஜ் டிவி 1994லேயே ஆரம்பித்தாயிற்று.

பேட்டை லைன்மேன்:
சேனல் ஆரம்பித்தது 94. சரி. உங்கள் வீட்டுக்கு வயர் வந்தது என்றைக்கு? பாபநாசத்தில் மடையைத் திறந்த அன்றைக்கே கன்னடியன் கால்வாய்க் கடைசி வயலில் தண்ணீர் நிற்குமா?

நான் 1996லிருந்து 2004 வரை அந்தப் பக்கம் கேபிள் டிவி லைன் பார்த்தவன். முதலாளி பெயர் வேண்டாம், மனிதர் இப்போது வேறு தொழிலில் நிம்மதியாக இருக்கிறார். வேப்பமரத்துக்கும் புளியமரத்துக்கும் கட்டி இழுத்த வயர். வழி நெடுக ஆம்ப்ளிஃபயர். ஐப்பசியில் மழை பிடித்தால் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறிவிடும், படம் முழுக்க எறும்பு ஊரும். ஏணியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனவன் நான். எந்த ஊருக்கு எந்த வருஷம் எத்தனை சேனல் கொடுத்தோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து டிவியில் குமிழைத் திருகினால் 2லிருந்து 12 வரைதான் நம்பர். அதற்குள் தூர்தர்ஷன், சன் டிவி என்று போட்டு நிரப்பிவிடுவோம். பக்கத்துப் பக்கத்து நம்பரில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அதனால் இடமும் விட வேண்டும். மிச்சச் சேனல்களை 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கிற மிட்பேண்டில் விடுவோம். எங்கள் லைனில் ராஜ் டிவி அங்கேதான் கிடந்தது. கன்வெர்ட்டர் டப்பா இல்லாமல் பழைய டிவியில் அது வராது. உங்கள் வீட்டில் என்ன டிவி?

சொதிச்சோறு:
மரக்கதவு வைத்த சாலிடேர். இப்போது டிவி மாடலா முக்கியம்? ரீமேக் வேண்டுமா வேண்டாமா என்பதுதானே பேச்சு?

பேட்டை லைன்மேன்:
மரக்கதவு வைத்த சாலிடேர்! சரியாய்ப் போச்சு. அதில் 98இல் ராஜ் டிவி வராது.

மெட்ராஸ் மாப்பிள்ளை:
ஏலே, நடுவில் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிபிசியில் ஃபால்ட்டி டவர்ஸ் என்று ஒரு தொடர் வந்தது. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு பகுதிகள். ஒரு ஓட்டல், சிடுசிடு முதலாளி, அவ்வளவுதான். ஜான் கிளீஸ் அத்தோடு நிறுத்திக்கொண்டதால்தான் அதற்கு இன்றைக்கும் அந்த மரியாதை. 2023இல் மகளோடு சேர்ந்து மறுபடி கொண்டுவரப் போகிறேன் என்று அவரே அறிவித்தபோது ரசிகர்கள் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். நல்ல நகைச்சுவையை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

குறுக்குத்துறைக்காரன்:
மாப்ளே, நீர் என் கட்சிக்குத்தான் பேசுகிறீர், நன்றி. ஆனால் அந்த "ஏலே"யை வாபஸ் வாங்கிக்கொள்ளும். இங்கே எல்லாரும் உம்மைவிட மூத்தவர்கள். வயதில் சின்னவனை, கூட விளையாடினவனை "ஏலே" என்று கூப்பிடலாம். சமவயதுக்காரரை "என்னவே", "ஓய்". பெரியவர் என்றால் அண்ணாச்சி. ஒரு கடைக்காரரைப் பார்த்து "ஏலே, கால் கிலோ அல்வா கொடு" என்று கேட்டுப் பாரும். அல்வா கிடைக்காது, வேறு ஏதாவது கிடைக்கும்.

இதற்காகத்தான் பயப்படுகிறேன். நெல்லைத் தமிழில் எடுக்கிறேன் என்று வருகிறவன் வசனத்துக்கு ஒரு "ஏலே" போடுவான், கையில் ஒரு அரிவாளைக் கொடுப்பான், முடிந்தது. புருஷன் பொண்டாட்டி பேசுகிற பேச்சில் "ஏளா", "ஏட்டி" எல்லாம் எந்த நேரத்தில், எந்தக் குரலில் வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? டவுனில் பேசுகிற மாதிரி மேலப்பாளையத்தில் பேச மாட்டார்கள். மேலப்பாளையம் மாதிரி வள்ளியூரில் பேச மாட்டார்கள்.

மெட்ராஸ் மாப்பிள்ளை:
என் மாமனார் என்னை "ஏலே" என்றுதானே கூப்பிடுகிறார்?

சொதிச்சோறு:
அதற்கு அர்த்தம் என்ன என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

தென்காசிச் சாரல்:
ஒரு சின்ன விஷயம். 2001இல் இரண்டாம் பாகம் வந்தபோதே ஜோடியை மாற்றிவிட்டார்கள். பப்லு பிருத்விராஜும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். பிறகு 2022இல் ஆஹா ஓடிடி தளத்தில் 3.0 என்று ராம்ஜியும் வாசுகியும் திரும்பி வந்தார்கள். இயக்கியதும் நாகாதான். ஆக, ஏற்கெனவே ரெண்டு தடவை "மறுபடி" எடுத்தாயிற்று. இப்போது எதற்காகச் சண்டை போடுகிறோம்?

குறுக்குத்துறைக்காரன்:
அது தொடர்ச்சி தம்பி, ரீமேக் இல்லை.

சொதிச்சோறு:
தம்பி தென்காசி, உம் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஜோடியையே மாற்றினார்கள், யார் ஒப்பாரி வைத்தது? இன்றைக்கு நம்ம வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு ரமணி என்றாலே தேவதர்ஷினி முகம்தானே வருகிறது? ராம்ஜி வாசுகியைத் தவிர யாராலும் முடியாது என்று மேலே ஒருத்தர் அடித்துச் சொன்னாரே, அவர் இதற்குப் பதில் சொல்லட்டும். தில்லு முல்லுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் பாலசந்தர் எடுத்ததே இந்தி கோல்மாலின் ரீமேக்தான். அதை வேண்டாம் என்றா சொன்னோம்? தலைமேல் வைத்துக் கொண்டாடவில்லையா?

குறுக்குத்துறைக்காரன்:
2013இல் அதே தில்லு முல்லுவை மறுபடி எடுத்தார்களே, அதையும் தலைமேல் வைத்தீர்களா? அக்கா அதை மட்டும் நைசாக விட்டுவிட்டார்கள். போன வருஷம் தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு இஞ்சித் துவையலா, இஞ்சிப் பச்சடியா என்ற பேச்சிலும் இதே மாதிரிதான், பாதிக் கணக்கை மறைத்துவிட்டுப் பேசினார்கள்.

சொதிச்சோறு:
சொதிக்கு இஞ்சிப் பச்சடிதான். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். துவையல் என்று சொன்னவர் மறுவீட்டுச் சொதியே சாப்பிட்டிருக்க மாட்டார்.

குறுக்குத்துறைக்காரன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துவையல்தான்.

பேட்டை லைன்மேன்:
இஞ்சி கிடக்கட்டும். இப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தங்கச்சி பார்த்தது 2001. தேவதர்ஷினி முகம்தான் வருகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள், கவனித்தீர்களா? அந்த வருஷம் எங்கள் லைனில் ராஜ் டிவி சுத்தமாகத் தெரியும், நானே டியூன் செய்து கொடுத்தேன். பதினோரு பேர் பாய் விரித்துப் பார்த்தது ரெண்டாம் பாகம். முதல் பாகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றைத் திரும்ப எடு என்றால் என்ன நியாயம்?

சொதிச்சோறு:
அண்ணாச்சி, எங்கள் ஆச்சி 1999இல் இறந்துபோனாள். அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பேட்டை லைன்மேன்:
ஆச்சிக்கு என் வணக்கம். ஆனால் ஆச்சி பார்த்தது தூர்தர்ஷனாக இருக்கும்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி சொல்வதற்கும் வாய்ப்பு இருக்கிறது. எங்கள் மாமா வீடு உவரி. அங்கே எண்பதுகளில் மாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்ப்பார்கள். காற்றடித்தால் ஒருத்தன் மேலே ஏறித் திருப்ப வேண்டும், கீழேயிருந்து ஒருத்தன் "வந்துட்டு, வந்துட்டு, போயிட்டு" என்று கத்த வேண்டும். எதை எந்தச் சேனலில் பார்த்தோம் என்று எனக்கே இப்போது குழப்பம்தான்.

சொதிச்சோறு:
நீர் என் கட்சி என்றல்லவா நினைத்தேன்.

பேட்டை லைன்மேன்:
தம்பி, ஆன்டெனா வேறு, கேபிள் வேறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீர். அது போக, 2019 நவம்பரிலேயே உங்களுக்குத் தனி மாவட்டம் கொடுத்து அனுப்பியாயிற்று. திருநெல்வேலிக் கேபிள் விவகாரத்தைத் திருநெல்வேலிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தென்காசிச் சாரல்:
இதென்ன கூத்து அண்ணாச்சி? 86இல் தூத்துக்குடி பிரிந்தபோது அவர்களிடமும் இப்படித்தான் சொன்னீர்களா? குற்றாலத்தில் குளிக்க வரும்போது மட்டும் "நம்ம குற்றாலம்" என்று வருகிறீர்களே. இனி ஐந்தருவிக்கு வாரும், பேசிக்கொள்கிறேன்.

குறுக்குத்துறைக்காரன்:
இசக்கி பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இசக்கியம்மன் எங்கள் குலதெய்வம். அந்தப் பெயரை வைத்துப் புருஷன் பொண்டாட்டிச் சண்டை, சிரிப்பு என்றெல்லாம் எடுத்தால் சும்மா இருக்க மாட்டேன்.

சொதிச்சோறு:
எங்களுக்கும் குலதெய்வம்தான். என் சித்தப்பா பெயரே இசக்கி. அவர் சித்தியோடு போடாத சண்டையா? அம்மன் ஒன்றும் சொல்லவில்லையே.

மெட்ராஸ் மாப்பிள்ளை:
என் மாமியார் பெயரும் இசக்கியம்மாள்தான். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பகுதியை மட்டும் எழுதிப் பார்க்கலாமே?

குறுக்குத்துறைக்காரன்:
நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மேலே அளந்தது யார்? ஒரு மணி நேரத்தில் கட்சி மாறிவிட்டீரே மாப்ளே. மெட்ராஸ் தண்ணீர்.

சொதிச்சோறு:
பேட்டை அண்ணாச்சிக்கு மட்டும் இது. ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டு மச்சில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அப்பா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. கேபிள் சந்தா அட்டை கிடைத்துவிட்டது. மஞ்சள் அட்டை, மாசத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து, மாசம் 60 ரூபாய். மேலே பேனாவில் 1998 என்று இருக்கிறது. கரையான் ஓரத்தைத்தான் தின்றிருக்கிறது, வருஷத்தைத் தொடவில்லை. படம் இத்தோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பாருங்கள், நீங்கள் போட்டதாகக்கூட இருக்கும்.

பேட்டை லைன்மேன்:
பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது இல்லை, என்னோடு வசூலுக்கு வந்த பையனுடையது. அட்டை எங்கள் அட்டைதான், அதை நான் மறுக்க மாட்டேன்.

தென்காசிச் சாரல்:
அப்பாடா.

பேட்டை லைன்மேன்:
என்ன அப்பாடா? 98இல் கேபிள் இருந்தது என்றுதானே அட்டை சொல்கிறது? ராஜ் டிவி தெரிந்தது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? மரக்கதவு வைத்த சாலிடேர் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி, அண்ணனை மறுபடி மச்சுக்கு ஏறச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கன்வெர்ட்டர் டப்பா ஒன்று கிடக்கிறதா என்று பார்க்கட்டும். கருப்பாக, செங்கல் அளவில் இருக்கும், முன்பக்கம் சிவப்பில் நம்பர் எரியும். அது இருந்தால் பேசுவோம்.

சொதிச்சோறு:
அண்ணன் இறங்கிவிட்டான். மூட்டுவலிக்காரனை இனி ஏறச் சொல்ல முடியாது.

மெட்ராஸ் மாப்பிள்ளை:
அப்போ இசக்கி எழுதலாமா, வேண்டாமா?

குறுக்குத்துறைக்காரன்:
வேண்டாம்.

சொதிச்சோறு:
எழுதுங்கள் மாப்பிள்ளை. "ஏலே" மட்டும் போடாதீர்கள்.

பேட்டை லைன்மேன்:
அதெல்லாம் பிறகு. டப்பா இருந்ததா இல்லையா?