மல்டிலெவல் மாடல் (ஒரே ஆளிடம் பலமுறை எடுத்த அளவீடு போன்ற அடுக்குத் தரவுக்கானது) பொருத்தும்போது இன்னும் உறுத்துகிற ஒரு தருணம், பகிருங்கள்

குழந்தைகளின் எடை, ஆளுக்கு ஆறு அளவீடு. நான் ஆர் மென்பொருளில் எல்எம்இ4 தொகுப்பு, தோழி ஸ்டேட்டா மென்பொருளில் மிக்ஸ்ட் கட்டளை. ஒரே தரவு, ஒரே மாடல் என்றுதான் நினைத்தோம். வழிகாட்டி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஸ்லோப்பின் வேரியன்ஸ் (வளரும் வேகம் பிள்ளைக்குப் பிள்ளை எவ்வளவு மாறுகிறது என்பது) இருந்த வரியில் விரலை ஊன்றி, "இதில் எதம்மா நான் நம்பட்டும்?" என்றார். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. ஆர் கேட்காமலே ஆர்இஎம்எல் என்ற மதிப்பீட்டு முறையைப் போடுகிறது, ஸ்டேட்டா எம்எல் என்ற இன்னொரு முறையை. அதைவிடப் பெரிய விஷயம், இன்டர்செப்டுக்கும் (காலம் பூஜ்யமாக இருக்கும்போது உள்ள மதிப்பு) ஸ்லோப்புக்கும் உள்ள ஒட்டுறவை ஆர் தானாக மதிப்பிடும். ஸ்டேட்டாவிலோ அன்ஸ்ட்ரக்சர்டு என்று நாம் சொல்லாவிட்டால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளும். இரண்டையும் சரிசெய்ததும் எண்கள் பொருந்திவிட்டன. இதை ஏன் யாரும் முதல் வகுப்பிலேயே சொல்வதில்லை?

---

எனக்கு நடந்தது வாய்மொழித் தேர்வில். என் தரவும் ஆர்த்தோடான்ட் (பிள்ளைகளின் முக எலும்பு வளர்ச்சி பற்றி ஆரில் கிடைக்கும் பயிற்சித் தரவு) மாதிரிதான், 8 முதல் 14 வயதுவரை. இன்டர்செப்ட்-ஸ்லோப் ஒட்டுறவு மைனஸில் வந்தது, "சிறிதாகத் தொடங்கும் பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள்" என்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன். தேர்வாளர் நிதானமாக, "உங்கள் தரவில் பூஜ்ய வயதுப் பிள்ளை எங்கே?" என்று கேட்டார். தொண்டை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆர்த்தோடான்டிலேயே போட்டுப் பார்த்தேன். 27 பிள்ளைகள், வயதை அப்படியே கொடுத்தால் ஒட்டுறவு −0.61, 11 வயதை நடுவாக வைத்தால் +0.50. மாடல் அதே, கோடுகளும் அதே. நான் எழுதிய பத்திக்குத்தான் அர்த்தமே இல்லாமல் போனது.

---

முதலில் எழுதியவர் மென்பொருளைக் குறை சொல்வதை ஏற்கமாட்டேன். இயல்பமைப்பு என்ன என்று உதவிப் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது, படித்துவிட்டு ஓட்டவேண்டியது நம் வேலை. என் கதை சின்னது: 14 கிராமம், சிங்குலர் ஃபிட் எச்சரிக்கை (தரவு தாங்காத அளவுக்கு மாடல் சிக்கலாகிவிட்டது என்பது), ஒட்டுறவு சரியாக 1.00, அதைக் கவனிக்காமல் அறிக்கையை அனுப்பிவிட்டேன். புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன், முதலில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கோடு வரைந்து பாருங்கள், அதற்கு முன் மாடலைத் தொடவே வேண்டாம். காலத்தை நாள் கணக்கில் ஆயிரக்கணக்கில் கொடுக்காமல் வருடமாக மாற்றுங்கள், கன்வெர்ஜென்ஸ் எச்சரிக்கையில் (கணக்கு முடிவான விடைக்கு வந்து சேரவில்லை என்பது) பாதி அதிலேயே போய்விடும். மீதிக்கு எல்எம்இ4இன் ஆல்ஃபிட் போட்டு எல்லா ஆப்டிமைசரும் (விடை தேடும் கணக்கு முறைகள்) ஒரே விடை தருகின்றனவா என்று பாருங்கள், தந்தால் பயப்பட வேண்டாம். ஃபிக்ஸட் எஃபெக்டில் (எல்லோருக்கும் பொதுவான பகுதி) வேறுபடும் இரண்டு மாடல்களை ஒப்பிடுவதானால் எம்எல், ஆர்இஎம்எல் கூடாது. சிங்குலர் வந்தால் ரேண்டம் ஸ்லோப்பை (ஆளுக்கு ஆள் மாறும் ஸ்லோப்) உடனே தூக்காதீர்கள், முதலில் ஒட்டுறவை மட்டும் எடுத்துவிட்டுப் பொருத்துங்கள்.

---

அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது (தேர்வாளர் கதை எழுதியது நான்தான்). வயதை எந்த இடத்தில் பூஜ்யமாக்குகிறோமோ அதைப் பொறுத்துத்தானே ஒட்டுறவே மாறுகிறது? அப்படியிருக்க அதை நீக்கினால், 8இல் தொடங்கினால் ஒரு மாடல், 11இல் தொடங்கினால் வேறு மாடல், லைக்லிஹுட்டே (தரவோடு மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறும். முதலில் எழுதியவரின் தோழி ஸ்டேட்டாவில் செய்ததும் அறியாமலே இதைத்தான். எடுக்கத்தான் வேண்டும் என்றால், பூஜ்யம் எங்கே, ஏன் அங்கே என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு எடுங்கள்.

---

தோழியிடம் இப்போதுதான் கேட்டேன். அவள் மாதக் கணக்கில், பிறந்த நாளைப் பூஜ்யமாக வைத்திருக்கிறாள். எங்கள் முதல் அளவீடு ஆறாம் மாதம்.