‘ஆஃப் தி கோஸ்ட்’ என்றால் கரையிலா, கடலிலா?

தென்கடல்:
மூழ்கிப்போன மண்டபம் படகு ஒன்றுக்கு நிவாரணம் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். ‘தி போட் சாங்க் ஆன் தி கோஸ்ட் ஆவ் மண்டபம்’ என்று போட்டிருக்கேன். ‘ஆன்’ தப்பு, ‘ஆஃப்’ போடு என்கிறார் நண்பர். ‘ஆஃப்’ என்றால் விலகி என்றுதானே அர்த்தம்? கரையை விட்டு எவ்வளவு தூரம் இருந்தால் அதைப் போடலாம்?

கீழக்கரைவாசி:
நண்பர் சொன்னதுதான் சரி. ‘ஆன் தி கோஸ்ட்’ என்றால் கடலோர நிலத்தில். கீழக்கரை ஊர் ‘ஆன் தி கோஸ்ட்’. அதுக்கு எதிரே கடலுக்குள்ள கிடக்கிற அப்பா தீவு, தலையாரித் தீவு எல்லாம் ‘ஆஃப் தி கோஸ்ட்’. இத்தனை மைல் என்று கணக்கு ஏதும் இல்லை; கரையில் உள்ள ஊரைச் சொன்னால் இடம் பிடிபடணும், அவ்வளவுதான். கரையே தெரியாத நடுக்கடல் என்றால் ‘அவுட் அட் சீ’, இடையில் ‘தி’ வராது.

கடலுக்குப் புறப்பட்டதைச் சொல்ல ‘வென்ட் ஆஃப் தி கோஸ்ட்’ என்று எழுதிடாதீங்க. அதுக்கு ‘வென்ட் அவுட் டு சீ’. ‘ஆஃப் தி கோஸ்ட்’ இருக்கிற இடத்தைத்தான் சொல்லும், போகிற திசையை இல்லை.

உப்பளம்:
எழுத்தைக் கவனிங்க. விலகி நிற்கிற ‘ஆஃப்’-க்கு இரண்டு எஃப், உடைய என்கிற ‘ஆவ்’-க்கு ஒண்ணு. இரண்டுமே சரியான சொல் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை பெரும்பாலும் பிடிக்காது. ‘சவுத் ஆவ் பாம்பன்’ என்று திசை சொல்லும்போது ஒரு எஃப் மட்டும்தான்.

வடகடல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா ‘ஆஃப் மண்டபம்’ மட்டும் போதாது. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ரெண்டு பக்கமும் கடல். எந்தக் கடல் என்று கட்டாயம் எழுதுங்க. வளைகுடாவுக்கு முன்னால் ‘இன்’ வரும்: ‘இன் தி கல்ஃப் ஆவ் மன்னார்’.

தூரம் எழுதுவதாக இருந்தால் ‘ஆஃப்’-க்கு முன்னாடி போடுங்க: ‘த்ரீ நாட்டிகல் மைல்ஸ் ஆஃப் மண்டபம்’. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், கிலோமீட்டரில் எழுதினால் அலகைத் தெளிவாகக் குறிப்பிடுங்க. ‘ஃப்ரம் தி கோஸ்ட்’ வேண்டாம். அது கடல் பக்கமா, ஊர்ப் பக்கமா என்று தெரியாது. ராமநாதபுரம் டவுனும் கரையிலிருந்து சில கிலோமீட்டரில்தானே இருக்கு!

என் கணக்கில் உங்க வாக்கியம் இப்படி இருக்கணும்: ‘தி போட் சாங்க் இன் தி கல்ஃப் ஆவ் மன்னார், த்ரீ நாட்டிகல் மைல்ஸ் ஆஃப் மண்டபம்’. தூரமும் கடலும் உங்க படகுக்கு எதுவோ அதை மாத்திக்குங்க. ஜிபிஎஸ் அளவு இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையை அடுத்த வரியிலேயே சேர்த்திடுங்க.