'குரோயிங் கால்ஸ் ஃபார்' எழுதும்போது எங்கே தவறுகிறேன்?

கேள்வி (மடல்காரி)

பெற்றோர் குழு ஒன்றின் மாத மடலை நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். போன இதழில் ஒரு வரி: "நூலகத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து வருகிறது." செய்திகளில் அடிக்கடி பார்த்த தொடர் நினைவுக்கு வந்தது. 'தேர் இஸ் குரோயிங் கால்ஸ் ஃபார் ஓப்பன் த லைப்ரரி ஆன் சண்டேஸ்' என்று எழுதினேன்.

சரிபார்ப்பவர் 'இஸ்', 'ஓப்பன்' இரண்டையும் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் "யார்?" என்று மட்டும் எழுதி அனுப்பினார். அன்று மாலையே அச்சு. விளக்கம் கேட்க நேரமில்லாமல் வரியையே எடுத்துவிட்டேன். அந்தச் செய்திக்கு உயிரே அந்த வரிதான், அதனால் இன்னும் மனசு ஆறவில்லை. 'குரோயிங் டிமாண்ட்' என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

பதில் (இலக்கணப்பித்தன்)

முதல் வட்டம் எளிது. 'கால்ஸ்' பன்மை, அதனால் 'தேர் ஆர்'. கொஞ்ச நாளாகவே கேட்டு வருகிறார்கள் என்றால் 'தேர் ஹேவ் பீன்'. தமிழில் 'கோரிக்கை' ஒருமையிலேயே வலுக்கும். ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பெரும்பாலும் பன்மையில்தான் வரும்.

பதில் (பழைய மொழிபெயர்ப்பாளர்)

இரண்டாவது வட்டம்தான் முக்கியம். பல வருடம் நானும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறேன். நம் 'என்ற' ஒரு முழு வாக்கியத்தையே கோரிக்கையோடு கோத்துவிடும். "திறக்க வேண்டும் என்ற கோரிக்கை", முடிந்தது. அந்தப் பழக்கத்தில் 'ஃபார்' என்பதையும் 'என்ற' போல நினைத்து, பின்னால் வினையை அப்படியே வைத்துவிடுகிறோம். 'ஃபார்' பெயர்ச்சொல்லைத்தான் கேட்கும்: 'கால்ஸ் ஃபார் சண்டே ஓப்பனிங்'. வினை வேண்டுமென்றால் 'டு' வர வேண்டும்: 'கால்ஸ் ஃபார் த லைப்ரரி டு ஓப்பன் ஆன் சண்டேஸ்', அல்லது சுருக்கமாக 'கால்ஸ் டு ஓப்பன் த லைப்ரரி'. எனக்குப் பிடித்தது 'கால்ஸ் ஃபார் சண்டே ஓப்பனிங்'தான். மடலில் இடம் குறைவாகத்தானே இருக்கும்.

'கால்' வினையாக வரும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்கும் பொருளுக்கு 'கால் ஃபார்', கேட்கப்படும் ஆளுக்கு 'கால் ஆன்'. நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்டால் 'வீ கால் ஆன் த மேனேஜ்மென்ட் டு ஓப்பன்...' என்று வரும்.

அப்புறம் 'டிமாண்ட்'. தமிழில் கிராக்கி வேறு, கோரிக்கை வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இந்த ஒரே சொல். 'குரோயிங் டிமாண்ட் ஃபார் புக்ஸ்' என்றால் புத்தகத்துக்குக் கிராக்கி கூடுகிறது என்றுதான் படிப்பார்கள். 'டிமாண்ட்ஸ்' என்று பன்மையில் வந்தால் கோரிக்கை என்பது தெளிவாகிவிடும். ஆனால் அது 'கால்ஸ்' என்பதைவிடக் கடுமை, கிட்டத்தட்ட வற்புறுத்தல். ஒரு பெற்றோர் குழு நூலகத்திடம் கேட்பதற்கு 'கால்ஸ்' போதும். 'டிமாண்ட்' வினையாக வந்தால் 'ஃபார்' கூடவே கூடாது. 'தே டிமாண்டட் ஃபார் ஆன் என்கொயரி' என்பது நம்மிடையே நிறையப் புழங்கும் பிழை.

பதில் (செய்திமேசை)

"யார்?" என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன், என் வேலையே அது. இந்தத் தொடரில் கேட்பவர் மறைந்துபோகிறார். யாரோ, எங்கிருந்தோ, ஏதோ கேட்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. 'ஃப்ரம்' சேர்த்து ஆளைக் கொண்டுவாருங்கள்: 'குரோயிங் கால்ஸ் ஃப்ரம் பேரண்ட்ஸ் ஃபார்...' 'குரோயிங்' எழுதும் முன் ஒன்று பாருங்கள்: முன்பைவிட இப்போது உண்மையிலேயே கூடியிருக்கிறதா? இரண்டு பேர் ஒருமுறை கேட்டதை அப்படி எழுதினால் அது வாசகரை ஏமாற்றுவது. அப்போது 'சம் பேரண்ட்ஸ் ஹேவ் கால்டு ஃபார்' என்பதே நேர்மை.

மடல்காரி

எண்ணிப் பார்த்துவிட்டேன். முந்தின மாதம் 3 கடிதம், போன மாதம் 17. எல்லாமே பெற்றோர் எழுதியவை. அதனால் 'குரோயிங்' இருக்கட்டும். அடுத்த மடலில் இப்படிப் போகிறது: 'தேர் ஆர் குரோயிங் கால்ஸ் ஃப்ரம் த பேரண்ட்ஸ் ஃபார் சண்டே ஓப்பனிங்.'

செய்திமேசை

'பேரண்ட்ஸ்' முன்னால் உள்ள 'த'வை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாப் பெற்றோரும் கேட்டது போல ஆகும். மற்றபடி அச்சுக்கு அனுப்பலாம்.