எள்ளுருண்டைத் தொழில்: நண்பன் விலகுகிறான், பதிவு அவன் பெயரில். எப்படிப் பிரிப்பது?

கேட்பவர்: கடைசி வருட மாணவி, பாளையங்கோட்டை

வணக்கம். பி.காம். படிக்கிறேன். வகுப்பில் மூன்று பேர் ஆளுக்கு 8,000 ரூபாய் போட்டு, இரண்டு வருடமாகக் கருப்பட்டி எள்ளுருண்டை விற்கிறோம். உடன்குடிக் கருப்பட்டி, நண்பன் வீட்டு அடுப்படி, பாகு காய்ச்சுவது அவன் அம்மா. உருட்டுவது, பாக்கெட் போடுவது, 14 கடைகளுக்குக் கொண்டுபோவது நாங்கள்.

நண்பனுக்குச் சென்னையில் வேலை கிடைத்து ஜூனில் கிளம்புகிறான். இருப்பு 61,000. மூன்றில் ஒரு பங்கு என்று இருபதாயிரம் கேட்கிறான். தொழிலின் பெயரும் தான் வைத்தது, தனக்கே என்கிறான். பணம் அவன் கணக்கில். கடைக்காரர்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் அவனுடையது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் அவன் பெயரில்தான். அந்த எண் அச்சடித்த கவர் இன்னும் 2,600 கிடக்கிறது. போன வருடம் சீலிங் மெஷினுக்கு என் ஸ்காலர்ஷிப் பணம் 15,000 தனியாகக் கொடுத்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை. நானும் தோழியும் தொடர்ந்து நடத்த நினைக்கிறோம். இரண்டு வாரமாக அவனோடு பேச்சில்லை.

பதில்: கணக்கு எழுதுபவர், மதுரை

எழுத்து இல்லாவிட்டாலும் நீங்கள் கூட்டாளிகள்தான். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லையென்றால் லாபம் சமபங்கு. பேசிய முதலுக்கு (உங்களுக்கு ஆளுக்கு 8,000) மேல் ஒருவர் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி உண்டு, முதலைத் திருப்புவதற்கு முன்பே அந்தப் பணம் திரும்ப வேண்டும். உங்கள் 15,000 அந்த வகை. கடைகளில் வரவேண்டியது, நீங்கள் தரவேண்டியது, மெஷின் இன்று என்ன விலைக்குப் போகும், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

கேட்பவர்

கடைகளில் 9,200. கருப்பட்டிக்காரருக்குப் பாக்கி 7,400. மெஷினை 9,000-க்கு வாங்க ஆள் இருக்கிறது.

பதில்: கணக்கு எழுதுபவர்

61,000, 9,200, 9,000 சேர்த்தால் 79,200. கருப்பட்டிப் பாக்கி போக 71,800. உங்களுக்கு ஒரு வருட வட்டியோடு 15,900 போக 55,900. மூவரின் முதல் 24,000 போக 31,900. ஆளுக்கு 10,633. நண்பனுக்கு முதலோடு சேர்த்து 18,633.

அவர் கேட்பது இருபதாயிரம். வித்தியாசம் 1,400 ரூபாய்கூட இல்லை. இதற்காகவா இரண்டு வாரம் பேசாமல் இருக்கிறீர்கள்? இந்தக் கணக்கை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.

தொழிலின் நற்பெயர் மூவருக்கும் பொதுச் சொத்து, அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. பெயரை உங்கள் இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாகப் பணம் கொடுக்கும் அன்றே எழுதி வாங்குங்கள். பிறகு நீங்களும் தோழியும் ஒப்பந்தப் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத கூட்டாண்மை, பாக்கி வைத்த கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. ஒருவர் விலகினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்று இந்த முறையாவது எழுதிவிடுங்கள்.

பதில்: பலகாரம் செய்யும் அக்கா, தூத்துக்குடி

தங்கச்சி, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஆளுக்கும் இடத்துக்கும் கொடுப்பது. இன்னொருத்தர் பெயருக்கு மாற்ற முடியாது. புது அடுப்படி முகவரியில் உன் பெயரில் ஃபாஸ்காஸ் என்ற அவங்க இணையப் பதிவுத் தளத்தில் விண்ணப்பி. புது 14 இலக்க எண் வரும்வரை விற்பனையை நிறுத்து. பழைய எண்ணோடு விற்று யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால், சென்னையில் இருக்கிற பையனும் பதில் சொல்லணும். கவரில் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேள், நீயாக ஒட்டாதே. கடைகளில் கியூஆரையும் இந்த வாரமே மாற்று.

எனக்கு மனசு உறுத்துவது வேற. இரண்டு வருஷம் அடுப்படியில் நின்ற அம்மா பெயர் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லையே! கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, திரும்பக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து இறக்கணும். கொஞ்சம் முந்தினால் உருண்டை இளகும், பிந்தினால் கல். அது அவங்க கையில் இருக்கு. பிரிக்கும் முன்னால் அவங்களுக்கு ஒரு கூலி ஒதுக்கு. அப்புறம் அவங்க பக்கத்தில் நின்று மூணு தடவையாவது நீயே பாகு எடுத்துப் பழகு.

கேட்பவர்

அக்கா, படித்ததும் அழுதுவிட்டேன். நாங்கள் அவருக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததோடு சரி.

கணக்கை நேற்று நண்பனுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். அம்மாவுக்கு 9,000 முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சரி என்றான். பெயரை விட்டுத்தருவதாகவும் எழுதித் தருகிறானாம். அந்த 9,000 கழித்தால் அவனுக்கு 15,633 வருகிறது, சரிதானே?

பதில்: கணக்கு எழுதுபவர்

சரி. மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ எள்ளோடு அவன் வீட்டுக்குப் போகிறோம். அம்மா காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.